நாத்தனார் முடிச்சு

அந்த ஆண்டு விழாவுக்கு மேடையின் எதிரே நானூற்றுப் பன்னிரண்டு நாற்காலிகள் போட்டிருந்தோம். அவற்றில் ஒன்பதுக்குக் கை கிடையாது, மூன்றுக்கு ஒரு கால் குட்டை. நாற்காலிகளுக்கு நான்தான் பொறுப்பு, அதனால் சொல்கிறேன். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில், சாலையை விட்டு உள்ளே தள்ளி இருந்த ஒரு சின்னக் கலைக் கல்லூரியில் கணக்கு ஆசிரியராக இருந்தேன். எண்பதுகளின் பின்பாதி அது. மொத்தமே ஆறு துறைகள். விழா என்று வந்தால் நாடகமும் நடனமும் தமிழ்த்துறைக்கு, சாப்பாடு வணிகவியலுக்கு, நாற்காலி எங்கள் துறைக்கு. எண்ணத் தெரிந்தவன் எண்ணட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

எண்ணுவது எனக்கு ஒரு தொந்தரவு. பேருந்தில் ஏறினால் தலைகளை எண்ணுவேன். கல்யாண வீட்டில் இலைகளை எண்ணுவேன். சொற்பொழிவுக்குப் போனால், பேசியவர் எத்தனை முறை தொண்டையைச் செருமினார் என்பதுதான் வீட்டுக்கு வந்த பிறகும் நினைவிருக்கும். இதற்காக வீட்டில் நிறையத் திட்டு வாங்கியிருக்கிறேன். ஆனால் நான் எண்ணியதை வைத்து ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா இல்லையா என்று நாலு பேர் முடிவு செய்யக் காத்து நிற்பார்கள் என்று நான் நினைத்ததில்லை.

நாடகம் வரதட்சணைக்கு எதிரானது. எழுதியவரும் இயக்கியவரும் தமிழ்த்துறை ஆசிரியர். என்னைவிடப் பத்து வயது இளையவர், மேடை என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். கதையின் உச்சம் ஒரு கல்யாணக் காட்சி. எங்கள் பக்கத்தில் பெரும்பாலான வீடுகளில் மாப்பிள்ளை தாலியைக் கட்டி ஒரு முடிச்சுப் போடுவார். மற்ற இரண்டையும் அவர் உடன்பிறந்தவள் போடுவாள். நாத்தனார் முடிச்சு என்று பெயர். மூன்றாவது விழுந்தால்தான் கல்யாணம். நாடகத்தில் மாப்பிள்ளை ஒன்று போடுவான், தங்கை ஒன்று போடுவாள், மூன்றாவதுக்கு அவள் கை போகும்போது மாப்பிள்ளையின் அப்பா ‘நிறுத்து’ என்று கத்திக்கொண்டு வருவார். பேசிய நகையில் குறைகிறது என்பார். மூன்றாவது முடிச்சு விழாமல் நின்றுபோகும். பெண் எழுந்து, நூலைக் கழுத்திலிருந்து எடுத்து மாப்பிள்ளையின் கையிலேயே வைத்துவிட்டுப் போவாள். அந்த விழாத முடிச்சை நம்பித்தான் முழு நாடகமும் நின்றது.

எல்லாம் தத்ரூபமாக இருக்க வேண்டும் என்று தமிழாசிரியருக்குப் பிடிவாதம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நிஜமான நாதசுரக்காரரையும் தவில்காரரையும் அழைத்திருந்தார். நிஜமான மஞ்சள் கயிறு, அதில் நிஜமான மஞ்சள் கிழங்கு. முன்வரிசைக்காரர்களுக்குத் தட்டில் அட்சதை. மாப்பிள்ளையாக நடித்தவன் சோழபுரத்து விவசாயக் குடும்பத்துப் பையன், பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு. அவனுக்குத் தங்கையாக நடிக்க அவனுடைய சொந்தத் தங்கையையே பிடித்துப் போட்டிருந்தார். அவள் அதே கல்லூரியில் முதலாண்டு.

“நடிக்கவே வேண்டாம் பாருங்க சார், முகஜாடையே சொல்லிரும்” என்றார் என்னிடம்.

“எல்லாமே நிஜம்னா இதுல நாடகம் எது?” என்று கேட்டேன்.

“நீங்க நாற்காலிய எண்ணுங்க சார்.”

மணப்பெண்ணாக நடிக்க இருந்தவளுக்கு விழா நெருங்கும்போது அம்மை போட்டுவிட்டது. எல்லோருடைய வசனமும் மனப்பாடமாகத் தெரிந்த ஒரே பெண், ஒத்திகை நடக்கும் கூடத்தின் மூலையில் தன் நடனத்தைப் பழகிக்கொண்டிருந்தவள். வரலாறு மூன்றாம் ஆண்டு. ராஜபாளையத்தில் வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். சின்ன வயதிலிருந்து பரதம் கற்றவள். விழாவின் கடைசி நிகழ்ச்சி அவள் தனியாக ஆடுவது. நாடகத்துக்கும் அவளையே இழுத்து வந்துவிட்டார்கள்.

விழாவன்று மதியம் அவள் என்னைத் தேடி வந்தாள்.

“சார், மூணாவது வரிசையில கை இருக்குற நாற்காலியா ரெண்டு வேணும்.”

“யாருக்கும்மா?”

“ஒண்ணு அம்மாவுக்கு. ஒண்ணு...” என்று இழுத்தாள். “எனக்குப் பேசி முடிச்சிருக்காங்க சார். தாம்பூலம் மாத்தியாச்சு. அவங்க அம்மா வாராங்க. கல்யாணத்துக்குப் பொறவும் நான் ஆடலாமான்னு இன்னும் சரின்னு சொல்லல. வந்து பாத்துட்டுச் சொல்லுதோம்னு இருக்காங்க.”

“நாடகத்துல நீ இருக்கிறது அவங்களுக்குத் தெரியுமா?”

“நாடகத்துல நான் இருக்கது எனக்கே நேத்துதான் சார் தெரியும்” என்று சிரித்துவிட்டு ஓடினாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நல்ல நாற்காலிகளாக இரண்டைத் தேடி, ஆட்டிப் பார்த்து, மூன்றாவது வரிசையின் நடுவில் போட்டேன்.

விழா மாலை நான்கு மணிக்கே தொடங்கியது. மேடைக்கு மேல் எட்டுக் குழல்விளக்குகள், அதில் இரண்டு கண் சிமிட்டிக்கொண்டிருந்தன. நான் முதல் வரிசையின் ஓரத்தில், மேடைப் படியை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து மணப்பெண்ணின் பிடரியும் நூலும் தெளிவாகத் தெரியும். பார்க்க வேண்டும் என்று தேர்ந்தெடுத்த இடம் இல்லை அது. கை இல்லாத நாற்காலி ஒன்றில் வேறு யாரும் உட்காராததால் நான் உட்கார்ந்தேன்.

கல்யாணக் காட்சி வந்தது. நாதசுரக்காரர் நிஜக் கல்யாணத்துக்கு வாசிப்பது போலவே வாசித்தார். அவருக்கு வேறு எப்படி வாசிக்கத் தெரியும்? பையன் நூலை எடுத்தான். கெட்டிமேளம் கொட்டியது. முன்வரிசைகள் பழக்கதோஷத்தில் எழுந்து அட்சதையை வீசின. என் வழுக்கையிலும் நாலைந்து மணிகள் விழுந்தன. பையன் ஒரு முடிச்சுப் போட்டான். ஒன்று. தங்கை பின்னால் குனிந்து நூலை வாங்கிக்கொண்டாள். இரண்டு.

இந்த இடத்தில்தான் அப்பா வர வேண்டும். வரவில்லை.

அப்பாவாக நடித்த மாணவனுக்கு ஒட்டியிருந்த மீசை பக்கவாட்டில் கழன்று எங்கோ விழுந்து, அதைத் தேடி அவன் தரையில் தவழ்ந்துகொண்டிருந்தான் என்று பிறகு தெரிந்தது. தவில் மட்டும் விடாமல் முழங்கியது. கெட்டிமேளம் தொடங்கிவிட்டால் தவில்காரர் யார் சொன்னாலும் நிறுத்த மாட்டார். மூன்றாவது முடிச்சு விழுந்த பிறகுதான் நிறுத்துவார், அது அவர் தொழில். தங்கை நூலின் இரண்டு முனைகளையும் கையில் பிடித்தபடி ஓரத்தைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். அப்புறம் அவள் விரல்கள் தாமாகவே சுற்றி, நுழைத்து, இழுத்தன.

மூன்று.

மேளம் நின்றது. அடுத்த கணம் மீசையில்லாத அப்பா உள்ளே பாய்ந்து, “நிறுத்து!” என்று கத்தினான்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. “என்னத்தலே நிறுத்த? முடிஞ்சு போச்சு. பந்தியப் போடு.”

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நான் திரும்பிப் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் அந்தப் பெண்ணின் அம்மா எழுந்து நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் கண்ணாடி போட்ட உயரமான ஓர் அம்மாள், வரப்போகும் மாமியார், உட்கார்ந்தபடியே நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்திருந்தார். நான் தேடிப் போட்ட கைகள். பல வரிசைகள் தள்ளி சோழபுரத்துக்காரர்கள் கூட்டமாக இருந்தார்கள். அவர்கள் நடுவில் பையனின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணிமைக்காமல் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வருடம் மாணவர்களைப் பார்த்தவன் நான், ஒரு முகம் அப்படி வெளுத்துப் போனதை அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

திரையை இழுத்துவிட்டார்கள். அடுத்து ஏதோ குழுப்பாட்டு என்று அறிவித்தார்கள்.

ஒப்பனை அறை என்பது விலங்கியல் ஆய்வகம்தான். சுவரோரம் கண்ணாடிச் சாடிகளில் தவளை, பாம்பு, கருவில் இருந்த ஆட்டுக்குட்டி என்று இருபத்து மூன்று சாடிகள். அவற்றுக்கு நடுவே ஒரு முக்காலியில் அந்தப் பெண் பட்டுப்புடவையோடும் கழுத்தில் மஞ்சள் நூலோடும் உட்கார்ந்திருந்தாள். எதிரே பெஞ்சில் அவளுடைய சலங்கைகள் இருந்தன. மூலையில் மாப்பிள்ளைப் பையன் சுவரைப் பார்த்து நின்றான். அவன் தங்கை அழுதுகொண்டிருந்தாள்.

தமிழாசிரியர் அவளைப் பார்த்துக் கையை விரித்தார். “ஏட்டி, ரெண்டோட நிப்பாட்டணும்னு எத்தன வாட்டி சொன்னேன்?”

“போன மாசம் பெரியண்ணன் கல்யாணத்துல நாந்தான் சார் போட்டேன்” என்றாள் அவள். “மேளம் கொட்டிக்கிட்டே இருந்துச்சு. கையில நூல் இருந்துச்சு. கை அதுபாட்டுக்குப் போட்ருச்சு சார்.”

நூல் நீளமாகத்தான் இருந்தது. தலை வழியாக எடுத்திருக்கலாம். ஆனால் அதைச் சொல்ல எவரும் வாய் திறக்கவில்லை. நாடகத்தில் இரண்டு முடிச்சோடு அதை எடுத்துக் கொடுப்பது வசனம். மூன்று விழுந்த பிறகு எடுப்பதற்குத் தமிழில் இருக்கிற சொல் ஒன்றுதான், அதை ஒரு கன்னிப்பெண்ணின் எதிரே சொல்ல அங்கிருந்த எந்த வாய்க்கும் துணிவில்லை. நான்கு பேராசிரியைகள் இருந்தார்கள். பெண் விடுதலை பற்றிப் பேச வானொலி நிலையத்துக்குப் போய்வருகிறவர் ஒருவர், அவர் பாம்புச் சாடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாடகம்தானே, மஞ்சள் கிழங்குதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் கையும் அசையவில்லை.

தமிழாசிரியர் என்னை ஓரமாக இழுத்தார். “சார், நீங்க படி ஓரத்துல இருந்தீங்க. நீங்க எண்ணுவீங்கன்னு எல்லாத்துக்கும் தெரியும். யாராவது கேட்டா ரெண்டுன்னு சொல்லிருங்க.”

நான் பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது. பெண்ணின் அம்மாவும் வரப்போகும் மாமியாரும் உள்ளே வந்தார்கள். மாமியாரம்மாள் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகள் வைத்திருந்த குடும்பம். குரல் உயர்த்தாமல் பேசுகிறவர்.

“இங்க கணக்கு வாத்தியாரு யாரு?”

நான் முன்னால் வந்தேன்.

“வெளியில கேட்டேன். அவர்கிட்ட கேளுங்க, எண்ணியிருப்பாருன்னாங்க. எத்தன முடிச்சு சார் விழுந்துச்சு?”

தமிழாசிரியர் என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தார். முக்காலியில் இருந்த பெண் என்னையே பார்த்தாள். இரண்டு என்று சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கொஞ்ச நேரம் தப்பிக்கலாம். பிறகு நானூறு பேரில் எவனாவது ஒருவன் ராஜபாளையம் கடைத்தெருவில் மூன்று என்பான், மறைத்தார்கள் என்ற பேரும் சேரும்.

“மூன்று” என்றேன்.

ஒரு பேராசிரியை “ஐயோ சார்” என்றார். மாமியாரம்மாள் கண்ணாடியைக் கழற்றி, புடவை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

அப்போது பெண்ணின் அம்மா ஒரு கேள்வி கேட்டார். அப்படி ஒரு கேள்வி உண்டு என்பதே எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

“யாரு எத்தன போட்டா? அதச் சொல்லுங்க சார்.”

“பையன் ஒன்று. அவன் தங்கை இரண்டு.”

“நல்லாப் பாத்தீங்களா?”

“பார்த்தேன் அம்மா. முதலாவதை மட்டும்தான் பையன் போட்டான். மற்ற இரண்டும் அந்தப் பெண்.”

அவர் மாமியாரம்மாள் பக்கம் திரும்பித் தெலுங்கில் வேகமாகப் பேசத் தொடங்கினார். கடைத்தெருவில் கேட்டுப் பழகிய தெலுங்குதான் எனக்குத் தெரியும். ‘மூடு முள்ளு’ என்று அடிக்கடி காதில் விழுந்தது. தமிழ்க் காதுக்கு என்னவோ போல இருந்தாலும் மூன்று முடிச்சு என்றுதான் அர்த்தம். மாமியாரம்மாள் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு முக்காலியருகே போய்க் குனிந்து, மஞ்சள் கிழங்கைத் தொடாமல் விரலால் சுட்டி எல்லோருக்கும் தமிழில் சொன்னார்.

“எங்க வீடுகள்ல மூணு முடிச்சையும் மாப்பிள்ளைதான் போடணும். நாத்தனாருக்கு அங்க வேலையே கெடையாது. வெளக்குப் பிடிப்பா, அம்புட்டுதான். அந்தப் பையன் போட்டது ஒண்ணு. அந்தப் புள்ள போட்டது எங்க கணக்குல வராது.” பிறகு இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டார். “அதோட எங்களுக்குத் தாலிப் பொட்டு ரெண்டு. ஒண்ணு பொண்ணோட அம்மா வீட்டுது, ஒண்ணு எங்க வீட்டுது. இதுல ரெண்டும் இல்ல.”

பெண்ணின் அம்மா பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். மகளைப் பார்த்து, “ஊருக்கோ” என்றார். அழாதே என்று அர்த்தம். மகள் அழவே இல்லை. அழுதது அவர்தான்.

வாழ்நாள் முழுவதும் மூன்று என்றால் மூன்று என்று கற்பித்தவன் நான். என் கண்ணால் எண்ணிய அதே மூன்று, ஒரு வீட்டுக்காரர்கள் பார்த்தால் ஒன்றாகிவிடும் என்று அந்த அறையில் நின்று கேட்டேன். எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். தமிழாசிரியர் சிரிக்கக்கூடச் செய்தார்.

“அப்ப எங்க கணக்கு?” என்று வாசலிலிருந்து ஒரு குரல் கேட்டது.

பையனின் அம்மா. எப்போது வந்தார், எவ்வளவு கேட்டார் என்று தெரியாது. செருப்பில்லாமல், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றார். இந்தப் பையன் அவருக்கு இரண்டாவது மகன். மூத்தவன் பட்டாளத்தில்.

“எங்கள்ல மாப்பிள்ள ஒண்ணு, நாத்தனா ரெண்டு. அதுவும் கூடப்பொறந்த நாத்தனா. மேளம் கொட்டிச்சு, அட்சத விழுந்துச்சு. எங்க வழக்கத்துல எல்லாம் நடந்துருச்சு.”

மாமியாரம்மாள் நிமிர்ந்தார். “அதுக்கு இப்ப என்ன சொல்ல வாரீங்க?”

“ஒங்க புள்ளைய நாங்க கேக்கல தாயி. அது நல்லா இருக்கட்டும். ஒங்க கணக்குல ஒண்ணுமில்லன்னுட்டீக. சந்தோஷம். எங்க கணக்குல எம்மவன் கல்யாணம் ஆனவன். நாளைக்கு நீங்க இத அவுத்துப் போட்டுட்டுப் போயிருவீக. அவன் யாரு? அத யாருகிட்டப் போயிக் கேக்க?”

தமிழாசிரியர், “அம்மா, இது வெறும் நாடகம்” என்று தொடங்கினார்.

“நாடகம்னா எதுக்கு சார் எம்பொண்ணப் போட்டீக? அவ வேற எவனுக்கோ நாத்தனா முடிச்சுப் போட்டிருந்தா எனக்கென்ன? அவனுக்கு அவதான் சார் தங்கச்சி.”

தமிழாசிரியரிடம் நான் முன்பே கேட்ட கேள்விதான் அது. ஆனால் நான் அதைச் சலிப்பில் கேட்டேன். அவர் பதில் வேண்டிக் கேட்டார். அவர் மகன் சுவரை விட்டுத் திரும்பவே இல்லை. அவன் தோள்கள் மட்டும் குலுங்கின.

வெளியே குழுப்பாட்டு முடிந்து கைதட்டல் கேட்டது. இன்னும் இரண்டு நிகழ்ச்சிகள். பிறகு அந்தப் பெண் மேடையேற வேண்டும். அதுவரை ஒரு வார்த்தை பேசாமல் இருந்தவள் அப்போதுதான் பேசினாள். முதலில் அம்மாவைப் பார்க்கவில்லை, மாமியாரையும் பார்க்கவில்லை. வாசலில் நின்றவரைப் பார்த்தாள்.

“அம்மா, இத நான் எடுக்க மாட்டேன். எங்கம்மாவும் எடுக்க வேணாம். போட்டவங்களே அவுக்கட்டும். அவுத்து ஒங்க கையில குடுக்கட்டும். அப்ப ஒங்களுக்குச் சரியா வருமா?”

பையனின் அம்மா அவளையே பார்த்தார். முந்தானையை இடுப்பிலிருந்து உருவி இரண்டு கையிலும் விரித்துப் பிடித்தார்.

முதலில் தங்கை வந்தாள். அவள் போட்ட இரண்டும் இறுகிப் போயிருந்தன. நகம் நுழையவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். ஒரு கல்யாணத்தில் யாரும் அப்படிக் குனிந்து நான் பார்த்ததில்லை. ஒன்று அவிழ்ந்தது. இரண்டாவது அவிழ்ந்தது. பிறகு பையனைக் கூப்பிட்டார்கள். அவன் கண்ணை மூடிக்கொண்டே வந்து தடவித் தடவித் தன்னுடையதை அவிழ்த்தான். போடுவதற்கு ஆனதைவிட அவிழ்க்க வெகுநேரம் ஆனது. நூல் தளர்ந்து விழுந்தது. முந்தானையில் வாங்கிய அந்த அம்மா அதை மடித்து, ஒரு முடிச்சுப் போட்டு, இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போனார். போகும்போது அந்தப் பெண்ணின் தலையில் கை வைத்தாரோ வைக்கவில்லையோ, எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. நான் அப்போது சாடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் ஆடினாள். சலங்கையைக் கட்டிக்கொண்டு எதுவுமே நடக்காதது போல மேடைக்கு வந்து ஆடினாள். ஒரு தப்பும் இல்லை. எனக்கு நடனம் தெரியாது, ஆனால் தாளம் எண்ணத் தெரியும். முன்வரிசையில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டே இருந்தேன். ஒரு எண்ணிக்கைகூட அவள் தவறவிடவில்லை. அரைமணி முன்பு அந்த முக்காலியில் உட்கார்ந்திருந்தவளா இவள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது வரிசை மாமியாரம்மாள் எழுந்து போகும்போது என் அருகே நின்றார்.

“நல்லா ஆடுதா” என்றார். “ஆடட்டும். நாடகம் மட்டும் வேண்டாம் சார்.”

எங்கள் கல்லூரியில் அதற்குப் பிறகு கல்யாணக் காட்சி வைத்து எவரும் நாடகம் போடவில்லை. தமிழாசிரியர் மறு வருடம் கட்டபொம்மன் காலத்துக்குப் போய்விட்டார். அங்கே வாள்கள் அட்டையில் செய்தவை.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. சோழபுரத்துப் பையனுடையது. அவன் காவல்துறையில் சேர்ந்திருந்தான். பெண் பிளவக்கல் அணைப் பக்கம். பத்திரிகையின் அடியில், ‘சார், காலைல சீக்கிரமா வந்துருங்க, அம்மா சொன்னாங்க’ என்று கையால் எழுதியிருந்தது. கல்யாண வீட்டுக்கு விடியற்காலையில் போவது என் முழங்காலுக்கு ஆகாது. முனகிக்கொண்டே முதல் பேருந்தைப் பிடித்தேன்.

வீட்டின் பின்னால் வாய்க்கால் ஓரம் அழைத்துப் போனார்கள். பந்தலுக்கு வெகு தூரம் தள்ளி, மேளமில்லாமல், ஏழெட்டுப் பேர். பெண் வீட்டார் பக்கம் ஒரு மாமா மட்டும் வந்திருந்தார். நடுவில் ஒரு வாழை மரம், அதற்குப் புடவை சுற்றி, குங்குமம் வைத்திருந்தார்கள். பையன் வேட்டியோடு நின்றான். ஆள் நன்றாகப் பருத்திருந்தான். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

அவன் அம்மா இடுப்பிலிருந்து ஒரு சின்னத் துணி மூட்டையை எடுத்து அவிழ்த்தார். உள்ளே மஞ்சள் நூல். நிறம் போய் வெளுத்திருந்தது, கிழங்கு சுருங்கி மிளகு போல ஆகியிருந்தது. அதே நூல். பக்கத்திலிருந்த கல் மேல் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருடம் அந்த அம்மா இதை எங்கே வைத்திருந்தார்? அரிசிப் பானையிலா, சாமி படத்துக்குப் பின்னாலா?

பையன் அதை வாழை மரத்தில் கட்டி ஒரு முடிச்சுப் போட்டான். கைக்குழந்தையோடு வந்திருந்த தங்கை, குழந்தையை என் மடியில் கொடுத்துவிட்டு, மற்ற இரண்டையும் போட்டாள்.

பெண் வீட்டு மாமா அருகில் வந்தார். “அந்தக் கதை எங்க காதுக்கும் வந்துச்சு சார். மூணு முடிச்சு விழுந்த பையனாமேன்னு. எங்க புள்ள ரெண்டாந்தாரமாப் போகக்கூடாதுல்ல. அதான் இது.”

எனக்குப் பொறுக்கவில்லை. “அந்தப் பெண் ஒன்று என்றால், வாழை இரண்டு. உங்கள் பெண் மூன்றாவது ஆகிறாளே?”

மாமா திகைத்துப் போய் என்னைப் பார்த்தார். உண்மையிலேயே அவர் அப்படி எண்ணியிருக்கவில்லை. பதில் சொன்னது பையனின் அம்மா.

“அந்தப் புள்ளையும் வாழையும் ஒண்ணுதான் சார். அன்னிக்கு அவுத்ததுல எனக்கு மனசே ஆறல. கட்டுனத அவுத்தா யாரு தலையிலயாவது விடியும்பாங்க. அது நல்ல புள்ள. அது தலையில எதுக்கு விடியணும்? அதான் அவளுக்குப் பதிலா வாழை. எதுன்னாலும் வாழை வாங்கிக்கிடும்.”

தன் மகனுக்காகத்தான் இந்த அம்மா அன்று வாசலில் நின்று கணக்குக் கேட்டார் என்று அத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

“அது நல்லாருக்கா சார்?” என்று கேட்டார்.

“நன்றாக இருக்கிறாள். போன வருடம் ராஜபாளையம் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். இரண்டு பெண் குழந்தைகள். வீட்டில் பிள்ளைகளுக்கு நடனம் சொல்லித் தருகிறாளாம்.”

“ரெண்டு பொண்ணா” என்று சிரித்தார். அன்றைக்கு முதல்முறையாக.

ஒரு சித்தப்பா அரிவாளால் மரத்தை அடியில் ஒரே வெட்டாக வெட்டினார். நீர் வடிந்தது. புடவையோடு மரம் சாய்ந்தது. நூல் மரத்திலிருந்து அப்படியே உருவிக்கொண்டு வந்தது. இந்த முறை யாரும் எதையும் அவிழ்க்கவில்லை. அந்த அம்மா அதை எடுத்து என் கையில் வைத்தார்.

“பாத்துச் சொல்லுங்க சார். மூணும் இருக்குல்ல?”

கண் அவ்வளவாகத் தெரியாத காலம். விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். ஒருமுறை எண்ணி, நம்பாமல் மறுபடி எண்ணினேன்.

“மூன்றும் இருக்கிறது.”

அவர் வாங்கி வாய்க்காலில் விட்டார். தண்ணீர் குறைவாக இருந்ததால் அது கொஞ்ச தூரம் போய் ஒரு கல்லில் சிக்கியது. பையன் இறங்கிக் காலால் தள்ளிவிட்டான். அது போன பிறகுதான் பந்தலில் மேளக்காரர்கள் வாசிக்கத் தொடங்கினார்கள். நான் குழந்தையைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, முகூர்த்தம் பார்க்க, கை இருக்கிற நாற்காலியாக ஒன்று தேடிப் போனேன்.